ஒன்பது வீட்டு அனல்

அந்தச் சந்தில் ஒரு பக்கம் உயரமான மதில், மறுபக்கம் வரிசையாகப் பத்து வீடுகள். பத்தாவது வீடு ஏசிக்காரருடையது. பாவம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். எல்லாம் அவர் கைவேலைதான்.

முதல் வீட்டில் ஏசி மாட்டி, அவுட்டோர் யூனிட்டைச் சந்துப் பக்கம் வைத்தார். அது கக்கிய அனலில் அடுத்த வீட்டுக்காரர் வெந்துபோய் இவரையே கூப்பிட்டார். அங்கே மாட்டியதும் மூன்றாம் வீடு கூப்பிட்டது. விளம்பரமே இல்லாமல் வியாபாரம்! மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒன்பது வீடும் முடிந்தபோது, மொத்த அனலும் மதிலில் முட்டி, முட்டுச்சந்தின் முனையில் இருந்த அவர் வீட்டுக்குள் குடியேறியது.

"ஏங்க, நமக்கும் ஒண்ணு மாட்டுங்க" என்றாள் மனைவி.

"ஊருக்கெல்லாம் மாட்டுறவன் வீட்டுல எதுக்கு ஏசி?"

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. அவளுக்கும் விளங்கவில்லை. பெட்டியைக் கட்டினாள். "நான் அக்கா வீட்டுக்குப் போறேன். வீடு ஆறினாச் சொல்லுங்க, வர்றேன்."

நான்கே நாளில் ஏசிக்காரர் ஆடிப்போனார். தான் சமைத்ததைத் தானே சாப்பிட வேண்டியிருந்தது. அதைவிட, அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவேயில்லை. உடனே காரியத்தில் இறங்கினார். ஒன்பது அவுட்டோரையும் கழற்றி, காசே வாங்காமல் வீடுகளின் பின்சுவருக்கு மாற்றினார். சுவர் தாங்குமா, பைப் எட்டுமா என்றுதான் பார்த்தார். எதிரே யார் வீடு என்று ஏறிட்டுப் பார்க்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

சந்து ஆறியது. போன் போட்டார். "வீடு ஜில்லுன்னு இருக்கு, வா."

அரை மணியில் வந்துவிட்டாள். பின்னாலேயே அக்கா, வேர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு சகலை, இரண்டு மெத்தை, ஒரு மிக்ஸி.

"அக்கா வீட்டுல நேத்துலேருந்து நிக்க முடியலைங்க. நம்ம வீட்டு வரிசையைப் பாத்த பின்பக்க ஜன்னலைத் திறந்தா ஒன்பது மெஷின் மூஞ்சில ஊதுது. எந்தப் புத்திசாலி மாட்டினானோ!"

புத்திசாலி கூரையைப் பார்த்தார்.

சகலை ஃபேனுக்கு அடியில் சம்மணம் போட்டார். "எனக்கும் ஒரு ஏசி மாட்டிடுங்க சகலை. அதுவரைக்கும் இங்கதான் இருப்போம். அவுட்டோருக்கு இடம்கூடப் பாத்துட்டேன். உங்க படுக்கையறை ஜன்னலுக்கு நேரா எங்க சுவர் சும்மாதான் கிடக்கு."

தொழிலுக்கு வந்த இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தேடி வந்த வாடிக்கையாளரிடம் ஏசிக்காரர் கெஞ்சினார். "ஏசியெல்லாம் எதுக்கு சகலை? உடம்புக்கு ஃபேன்தான் நல்லது."

"அப்ப இந்த ஃபேனே போதும்" என்று சகலை மெத்தையை விரித்தார்.