கொயினாவும் நீல நிழல்களும்

சென்னையில் ஓவியப் படிப்பை முடித்தபோது ஒரு முகத்தை அச்சு அசலாக வரைய எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பது கொல்லிமலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் நில அளவை ஆபீசில் வரைபடம் தீட்டும் உத்தியோகத்தில் சேர்ந்தேன். முள்ளுக்குறிச்சியிலிருந்து நடந்து மலையேறி, திண்ணனூர் நாடு என்ற மலையூர்த் தொகுதியில் ஒரு சாமை விவசாயியின் வீட்டை ஒட்டிய குடிசையில் தங்கினேன். அவரும் அவர் மனைவியும் மட்டுமே அங்கே இருந்தார்கள். என் பெட்டியில் வண்ணக் குழாய்களும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஐரோப்பிய ஓவிய வரலாறு ஒன்றும் கிடந்தன. அந்தப் புத்தகத்தில் எல்லாமே கறுப்பு வெள்ளைப் படங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் காடு என்று சொல்லும் சாமை வயலை வரைவேன். படித்த முறைதான்: துணி முழுக்க முதலில் பழுப்புப் பூச்சு, அதன்மேல் உருவம், நிழலுக்குக் கறுப்பு. ஒரு நாள் அந்த அம்மாள் களைக்கொத்தோடு வந்து நின்று பார்த்தார்.

"ஏனுங்க சாமி, எங்க காடு தீப்புடிச்சுப் போச்சுங்களா?"

"இல்லையே அக்கா, ஏன் கேக்கறீங்க?"

"இப்பிடிக் கருகிக் கெடக்குதுங்களே."

எனக்குச் சுருக்கென்றது. குடிசைக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். இம்ப்ரெஷனிசம் என்ற அத்தியாயத்தை அதுவரை நான் படித்ததே இல்லை. அரைகுறை வேலை என்று எங்கள் ஆசிரியர்கள் ஒதுக்கிய விஷயம் அது. அந்த ஓவியர்கள் அறையை விட்டு வெயிலுக்கு வந்தார்களாம். பொருளை விட அதன்மேல் விழும் வெளிச்சத்தை வரைந்தார்களாம். நிழலுக்கும் நிறம் உண்டு என்றார்களாம். என்ன நிறம்? கறுப்பு வெள்ளைப் படம் அதை எப்படிச் சொல்லும்?

பாரிசுக்குப் படிக்கப் போயிருந்த நண்பனுக்கு எழுதினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. "நீ கேட்பது இங்கே பாட்டன் காலத்துச் சமாசாரம். வெளிச்சத்தில் உருவம் கரைகிறது என்று பின்னால் வந்தவர்கள் அதை மறுபடி கட்டி எழுப்பினார்கள். கியூபிசக்காரர்கள் ஒரே முகத்தை முன்னாலும் பக்கவாட்டிலும் ஒருசேரக் காட்டுகிறார்கள். வேறு சிலர் மனசு கொதித்தால் வானத்தையே சிவப்பாக்குகிறார்கள். கனவை வரைகிறவர்களும் வந்தாயிற்று. நீ இன்னும் நிழலில்தான் நிற்கிறாயா? வண்ண அச்சுகள் அனுப்புகிறேன்."

அதுவரை அவை எனக்கு வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் குறைக்குச் சொன்ன பதில் என்று அன்று விளங்கியது. அந்த நெடிய வாக்குவாதத்தில் என்றோ தோற்றுப்போன தரப்பை மட்டும்தான் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். பின்தங்கியவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இந்தச் சாமைக் காட்டை மட்டும் உள்ளபடி வரைந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

கதிர் முற்றும் சமயத்தில் மலைக் காய்ச்சல் பிடித்தது. அதற்கென்று தபாலாபீசில் விற்ற கொயினா மாத்திரை கையில் இருந்தது. அறுவடை ஆகிவிட்டால் காட்டின் நிறம் போய்விடும். சீக்கிரம் எழ வேண்டுமென்று, ஒன்று விழுங்க வேண்டிய இடத்தில் மூன்று விழுங்கினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இரண்டு நாள் காது இரைந்தது. மூன்றாம் நாள் கண் விழித்தால் ஒரே இருட்டு.

"இன்னும் விடியலையா அக்கா?"

அவர் கதவை அகலத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உச்சிப் பொழுதாச்சுங்களே சாமி" என்றார்.

பத்து நாள் கழித்துப் பார்வை கொஞ்சம் திரும்பியது, மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. நிறம் திரும்பவில்லை. அப்போதுதான் மிளகு விற்கக் கீழே போன விவசாயி என் பேருக்கு வந்த பார்சலைக் கொண்டுவந்தார். அச்சுப் படங்கள் வழவழவென்று இருந்தன. எனக்கு எல்லாமே சாம்பல். ஒன்றை எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

"இதுல என்ன இருக்குது அக்கா?"

"பஞ்சு கொட்டி வெச்ச மாதிரி வெள்ளையா ஒரு காடுங்க. நாலஞ்சு மரம்."

பனி மூடிய வயல் என்று புரிந்தது. "நெழலு என்ன நெறம்?"

"நீலமுங்க. கொஞ்சம் ஊதாவும் இருக்குது." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நம்ம காட்டுலயும் காலைல அப்பிடித்தானுங்க விழுகுது. நீங்க பாத்ததில்லீங்களா?"

இரண்டு வருடம் தினமும் பார்த்திருந்தேன். கண் நன்றாக இருந்த நாளெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழுப்பைத்தான் பூசியிருந்தேன். படத்தை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பார்சலில் கிடந்த மற்ற படங்களை மெல்ல அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்.

உத்தியோகம் போயிற்று. விவசாயி கையைப் பிடித்து என்னைக் கீழே இறக்கிவிட்டார். சேலத்து டாக்டர், அளவு மீறிய கொயினாதான் கண்ணைக் கெடுத்தது, இனி இவ்வளவுதான் என்று கைவிரித்தார். அடிவாரத்தில் மிளகு வியாபாரம் செய்த ஒரு ராவுத்தர் தன் கடையில் கடிதம் எழுத வைத்துக்கொண்டார்.

அங்கே ஒரே ஒரு தடவை வரைந்தேன். குழாய்களில் அச்சிட்டிருந்த பெயர்களைக் கண்ணருகே வைத்து வாசித்து, இது பச்சை, இது நீலம் என்று நினைவிலிருந்து பூசினேன். ராவுத்தர் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க தம்பி" என்றார்.

குரலில் அத்தனை இரக்கம். அதற்குப் பிறகு நான் தூரிகையைத் தொடவில்லை.