கறுப்பு நாடா சுற்றிய துண்டு

என் அண்ணன் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் உதவியாளன். படிப்பு பத்தாவதுதான். ஆனால் மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கிளிசரின் குழாயைச் செருகி, குமிழைத் திருகி, திரையில் அணுக்கரு ஒத்ததிர்வின் பள்ளங்களை வரவழைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. "வந்துட்டான் பாரு" என்பான், விருந்தாளியைச் சொல்வதுபோல.

இறுதியாண்டு மாணவன் ஒருவன், குமிழையே தொடாமல் சீனியரின் பழைய நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதிக்கொண்டிருந்தான். அண்ணன் நோட்டை மூடினான். எல்லோர் முன்னாலும் அந்த மாணவன் அண்ணனை அறைந்தான்.

ஐந்து விரலும் பதிந்த கன்னத்தோடு அண்ணன் சாப்பிட உட்கார்ந்தான். நான் இயற்பியல் படித்தவள்.

"பரீட்சையில அவனுக்கு கிளிசரின் வேண்டாம்ணே. டெஃப்ளான் துண்டை வை, வெளிய தெரியாம கறுப்பு நாடா சுத்தி. அதுல ஹைட்ரஜன் கிடையாது, ஃபுளோரின்தான். ஒழுங்கா அளந்தா அதோட ஜி-மதிப்பு 5.26 வரும். காப்பி அடிச்சா கிளிசரின்ல இருக்கற ஹைட்ரஜனோட 5.58னு எழுதித் தொலைவான்."

"அடிப்பாவி! உன்னைக் கட்டிக்கப் போறவன் செத்தான்" என்று சிரித்தான்.

பரீட்சையில் அந்த மாணவன் 5.58 என்றே எழுதினான். தேர்வாளர், அவன் எழுதிய மின்னோட்ட அளவையே வைத்துக் காட்டச் சொன்னார். திரையில் பள்ளமே இல்லாத வெறும் கோடு. நாடாவைப் பிரித்து டெஃப்ளானைக் காட்டி, பூஜ்ஜியம் போட்டார்.

மறுநாள் மதியம் அவனும் கூட்டாளிகளுமாக மூன்று பேர் ஆய்வகத்துக்கு வந்தார்கள். ஆய்வகம் கூட்டும் அக்கா அலமாரிக்குப் பின்னால் ஒடுங்கி நின்று பார்த்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரும்பு முக்காலியால் முதல் அடி முழங்காலில். விழுந்தவனை முடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தைக் காந்தத்தின் மேல் மோதினார்கள். பற்கள் தெறித்தன.

"பத்தாவது படிச்ச நாய்க்கு இது தோணாது. எவன் சொல்லிக் கொடுத்தான்? பேரைச் சொல்லு, விட்டுடறோம்."

"நான்தான்டா வச்சேன்."

மறுபடி மோதினார்கள்.

"உனக்கு என்னடா தெரியும், ஃபுளோரினைப் பத்தி?"

ரத்தத்தைத் துப்பிவிட்டு அண்ணன் ஏதோ சொன்னானாம். அதற்குப் பிறகு அவர்கள் வேறு பேரைக் கேட்கவில்லை. முக்காலி தலையில் இறங்கியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.

"என்னக்கா சொன்னான்?"

"ஏதோ நம்பர் கண்ணு. அஞ்சு புள்ளி ரெண்டு ஆறுன்னு. திரும்பத் திரும்ப. யாரோட நம்பர் அது?"

"என்னோடது" என்றேன்.