‘சொறியாதே’ என்று சொன்ன பத்து நாள்

போன செவ்வாய்க்கிழமை, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். மகள் கர்ப்பிணி, எட்டு மாதம் முடிந்துவிட்டது. கை வயிற்றுப் பக்கம் போனதுதான் குற்றம்.

“தாயி, சொறிஞ்சிராத. பொறவு வரிவரியாத் தழும்பு விழுந்துரும். காலத்துக்கும் போவாது.”

எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆதரவுக்கு ஆள் கிடைத்துவிட்டதே!

பிரசவத்துக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்த பத்து நாளாக எனக்கு இதே வேலை. நகத்தை ஒட்ட வெட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். பேண்டேஜ் துணி நெய்யும் பக்கத்து வீட்டில் மெல்லிசாக ஒரு துண்டு வாங்கி, அரித்தால் இதை வைத்துத் தடவிக்கொள் என்றேன். தூக்கமில்லாமல் அவள் ஒரு பக்கம், அவள் கையைக் காவல் காத்து நான் ஒரு பக்கம்... இரண்டு பேருமே ஓய்ந்துபோயிருந்தோம்.

இத்தனைக்கும், இவளைச் சுமந்தபோது என் வயிற்றில் நான் நகமே படவிட்டதில்லை. அப்படியும் தழும்பு விழுந்தது. பிறகும் ஏன் அதையே சொன்னேன்? என்னிடம் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவ்வளவுதான்.

அன்று செக்கப்புக்குப் போன ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலை மேஜைக் காலில் தேய்ப்பதைப் பார்த்தார்.

“எங்கெங்கம்மா அரிக்குது?”

“உள்ளங்கால்... உள்ளங்கை. வயிறு கொஞ்சந்தான்.”

“எம்புட்டு நாளா?”

“பத்து நாளாச்சு.”

நர்ஸ் எழுந்து டாக்டரிடம் போனார். உடனே பிளட் டெஸ்ட். ஈரலில் பித்தநீர் தேங்கினால் கடைசி மாதங்களில் இப்படி அரிக்குமாம். கவனிக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் குழந்தைக்கே ஆபத்தாம். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் கோபத்தை அவள் மேல் காட்டினேன். வேறு யார் மேல் காட்ட?

“ஏட்டி, கால் அரிக்குதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேம்மா. ரெண்டு தடவ சொன்னேன். நீ வயித்தப் பாத்துட்டு, இன்னும் தழும்பு விழலன்னு சந்தோசப்பட்ட.”



ரிசல்ட் டாக்டர் சந்தேகப்பட்டபடியே வந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிரசவத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். குழந்தை அசைகிறதா என்று நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்கிறோம். அசைகிறது. வயிற்றில் தழும்பும் விழ ஆரம்பித்துவிட்டது — தொப்புளுக்குக் கீழே, இரண்டு பக்கமும், சிவப்பாக. விழட்டும்.

கர்ப்பிணி இருக்கும் வீடுகளுக்கு ஒன்றே ஒன்று: உள்ளங்கை, உள்ளங்கால் விடாமல் அரித்தால் எண்ணெயைத் தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

நேற்று மறுபடியும், “அரிக்குதும்மா” என்றாள்.

“எங்கட்டி?” என்றேன்... பத்து நாள் பிந்திக் கேட்ட கேள்வி.