இடது தோளில் ஒரு குடம்

ஜிம் கண்ணாடிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஜொகூர் பாருவில் கார் கழுவும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஜிம். சட்டையில்லாமல் நின்று பார்த்தால் வலது தோள் உருண்டு திரண்டிருந்தது. இடது தோள் சரிந்து, எலும்பின் முனை தெரிந்தது. இரண்டு ஆட்களை ஒட்டிவைத்த மாதிரி இருந்தேன்.

இடது பக்கம் சோம்பேறியாகிவிட்டது, வலது கையே எல்லா வேலையையும் செய்கிறது என்றார் பயிற்சியாளர். நீளக் கம்பியை விட்டுவிட்டு, கைக்கொரு டம்பெல்லாகத் தனித்தனியே தூக்கச் சொன்னார், இடதுக்குக் கூடுதலாக. நானும் விடவில்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கேதான் போவேன். எரிச்சல் வந்தால் எடையைக் கூட்டுவேன். எனக்கு எரிச்சல் அடிக்கடி வரும்.

லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் தோளைக் காட்டினேன். அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளை மாட்டி வலது தோளிலேயே சுமந்து, அந்தப் பக்கம் காய்ப்பேறி, இடது பக்கம் தணிந்துபோயிருந்தார். அவரும் சட்டையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் இருவரையும் பார்த்து அம்மா சிரித்தாள்.

"எனக்கும் இப்படித்தான்லா. காண்டா தூக்குன ரத்தம். பயப்படாத," என்றார்.

நம்பினேன். காண்டாக் கம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காதவனுக்கு அந்தத் தோள் எப்படி வரும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் சாடை என்று எனக்குப் பெருமை வேறு. ஜிம்முக்குத் திரும்பிப்போய் இன்னும் அதிகமாகத் தூக்கினேன்.

கொடியில் கிடந்த துண்டை இடது கையால் எடுக்க முடியாமல் போனபிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். கழுத்தில் நரம்பு நசுங்கி வெகுநாளாகிவிட்டதாம். தோள் சோம்பேறியாகவில்லை, கரைந்துகொண்டிருந்தது. நான் தூக்கிய எடை அதை இன்னும் கெடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். அறுவை செய்தால் மேலும் போகாமல் தடுக்கலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

இதை வீட்டில் சொல்வதற்குள் அப்பா நெஞ்சுவலியில் படுத்துவிட்டார். தம்பிக்கு மட்டும் சொன்னேன். கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அப்பா என் வலது கையை அழுத்திப் பார்த்தார்.

"இவ்ளோ எட தூக்குற. என் கொடத்த ஆடாம தூக்கிருவ," என்றார்.

சரிப்பா என்றேன். சாகக் கிடப்பவரிடம் வேறு என்ன சொல்வது? அந்த வாரமே போய்விட்டார்.

மூத்த மகன் தண்ணீர்க் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சவப்பெட்டியை மூன்று முறை சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருபவர் குடத்தில் ஒரு துளை போடுவார். வலது கையில் கொள்ளிக்கட்டை இருக்கும், அதனால் அந்தக் கை உதவிக்கு வராது. தோளை மாற்றி வைக்கலாமா என்று தம்பி சடங்கு செய்பவரிடம் கேட்டான். அப்படி வழக்கமில்லை என்றார். முடியும், வை என்று நானே தம்பியை அதட்டினேன். அவன் என் இடது கையைத் தூக்கிக் குடத்தின்மேல் படிய வைத்தான்.

ஜிம்மில் நான் தூக்காத எடையா அது? முதல் சுற்றில் கை நின்றது. இரண்டாவது துளைக்காகக் கத்தி முனையால் தட்டியபோது கை தானாக இறங்கிவிட்டது. குடம் பெட்டியின் விளிம்பில் விழுந்து உடைந்து, தண்ணீர் அப்பாவின் காலை நனைத்தது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவமானத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

வேறொரு குடம் கொண்டுவந்து தம்பியின் தோளில் வைத்தார்கள். என் கையிலிருந்த கொள்ளியையும் வாங்கி அவனிடம் கொடுத்தார்கள். ஜிம் வாசலைக்கூட மிதிக்காத ஒல்லிக்குச்சி அவன். மூன்று சுற்றும் ஆடாமல் வந்தான். நான் அப்பாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் குடம் தூக்குவது வழக்கம். அம்மாவின் குடமும் தம்பிக்குத்தான். எனக்கென்று இருந்தது அந்த ஒரு குடம்.