முப்பது போதும் என்று நான் சொன்னது

"நிக்கிற எழுத்த எவன் வேணாலும் படிச்சிருவான் தம்பி. ஓடுறத பாக்கணும்ல?"

பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் இப்படிச் சொன்னதும், கையில் இருந்த பழைய பில்லின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன். மனிதர்கள் பேச்சுவாக்கில் விடுகிற வாக்கியங்கள் மீது எனக்கு அப்படி ஓர் ஆசை. எழுதிக்கொண்டேனே தவிர, அதற்குள் எவ்வளவு பயம் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

அவர் அரிமளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகிற தனியார் பஸ்ஸின் டிரைவர். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். வலது கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்து, உள்ளே லென்ஸ் வைத்திருந்தார்கள். ஓய்வெல்லாம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார். டாக்டரும் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இவருக்குத்தான் அந்தக் காகிதத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பழகாத ஆள் ஸ்டியரிங்குக்கு எப்படிச் சான்று தரமுடியும் என்பது அவர் கேள்வி.

எனவே தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். பரீட்சைக்கூடம் அவர் வீட்டு முன்னறை. கேள்வித்தாள், நான் விற்ற கம்ப்யூட்டர்.

கடைவீதியில் எனக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. எந்தப் படிப்பும் இல்லாமல், பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்ட தொழில். ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா இருந்த மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சரிசெய்து, பிளாஸ்டிக் ஸ்டியரிங்கும் பெடலும் மாட்டி, பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தேன். நம் பக்கத்துத் தனியார் பஸ் மாதிரியே பெயின்ட் அடித்த பஸ்களை யாரோ புண்ணியவான்கள் அந்த கேமுக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஹாரன் சத்தம்கூட அச்சு அசல். அண்ணன் தினமும் உட்கார்வதற்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மானிட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும்.

"டப்பாவுக்குப் பொட்டு வச்சாச்சு. இனி எலுமிச்சம்பழம் ஒண்ணுதான் பாக்கி" என்பார் அவர் மனைவி. அவரை நான் மதனி என்று கூப்பிடுவேன். தையல் மிஷினை மிதித்தபடியே முன்னறையில் நடப்பதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறவர்.

அந்த மதனிதான் ஒருநாள் காலையில் போன் செய்தார். "கொஞ்சம் இங்கிட்டு வந்துட்டுப் போங்க. ஒங்க அண்ணன் மொகமே சரியில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்குறாரு. ஒண்ணுமில்லாதவரு எதுக்குக் கதவச் சாத்திட்டு வெளையாடணும்?"

மிஷினைத் திருப்பிக் கொடுக்கத்தான் அடி போடுகிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். என் தொழில் புத்தி அது.

போனால், அண்ணன் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மதனிகிட்ட சொல்லிராத. தாவுது."

"என்ன தாவுது?"

"ரோடு. ஓரத்து மரமெல்லாம் ஒண்ணொண்ணா தாவித் தாவி வருது. புதுசா பழகுறவன் பிரேக்க விட்டு விட்டு மிதிச்சா வண்டி எப்புடிப் போகும்? அப்புடி. வளைவு வந்தா ஸ்டியரிங்க நான் ஒடிச்ச பொறகுதான் ரோடு திரும்புது. தெனம் அதே எடத்துல புளியமரத்துல கொண்டுபோய் விடுறேன்."

"வெளிய ரோட்டப் பாத்தா?"

"பாத்தா ஒண்ணும் தாவல. ஓட்டுனாத்தான் தாவுது. கைக்கும் கண்ணுக்கும் நடுவுல ஏதோ ஒரு வயரு அறுந்துபோச்சு தம்பி."

நான் உட்கார்ந்து ஓட்டினேன். எனக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டுதான் போனது. மரமும் தாவவில்லை, ரோடும் தாவவில்லை. "நல்லாத்தானண்ணே இருக்கு?" என்றேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது எனக்கும் புரிந்தது. எனக்குச் சரியாகத் தெரிகிறது, அவருக்குத் தாவுகிறது. அப்படியானால் கோளாறு அவர் கண்ணில்தானே?

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் பிடித்தது. அவர் தெருவில் நடந்துபோனால் பின்னாலிருந்து பார்ப்பேன், கல் தடுக்குகிறதா என்று. டீ கிளாஸை எடுக்கும்போது கை சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்ப்பேன். பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே சந்தேகம்தான். ஒருமுறை அவர் டீயைக் கொஞ்சம் சிந்தினார். யார்தான் சிந்துவதில்லை? ஆனால் அன்று என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் என் மனைவி தினமும் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறாள். அவள் மட்டுமா, நின்றுகொண்டு போகிறவர்களையும் சேர்த்தால் ஒரு தெருவே அந்த பஸ்ஸுக்குள் இருக்கும்.

அந்த வாரத்தில் பஸ் முதலாளி ஏதோ பேப்பர் பிரின்ட் எடுக்க என் கடைக்கு வந்தார். போகிறபோக்கில் கேட்டார். "ஒங்க பக்கத்து வீட்டுக்காரரு கண்ணு எப்புடிங்க இருக்கு? திங்கக்கெழம வரச் சொல்லலாமா?"

நான் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் போகட்டுமேங்க" என்று இழுத்தேன். அவ்வளவுதான். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வேறொரு டிரைவர் அந்த வண்டியை எடுத்தார்.

மதனி அன்று தையல் மிஷினை மிதிக்கவே இல்லை. அண்ணன் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டது. ஸ்டியரிங்கோடு கடைக்குத் தூக்கி வந்து, தூசி தட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கேமையும் போட்டேன். சாயங்காலம் அண்ணன் வந்து, சரியாகிவிட்டதா என்று பார்க்க ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டியை நகர்த்தினார். ஒரு வளைவு, இரண்டு வளைவு. மரத்தில் மோதவில்லை.

"தம்பி, என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. தொடச்சேன்."

"தொடச்சா தாவுறது நின்னுருமா? பொய் சொல்லாத. என்னமோ பண்ணிருக்க."

என்னை அவர் பார்த்த பார்வையில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். நானும் யோசித்தேன். செய்தது ஒன்றுமில்லை. பிறகுதான் உறைத்தது: செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

கேம் என்பது திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகிற படங்கள்தான். ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதற்குத்தான் ஃபிரேம் ரேட் என்று பெயர். நான் விற்கிற எல்லா மிஷினிலும் அதை முப்பதுக்கு மேல் போகாதபடி பூட்டிவிடுவேன். நம் ஊர் தகரக்கூரை வீடுகளில், சித்திரை வெயிலில், பழைய மிஷினை அறுபதுக்கு ஓடவிட்டால் உள்ளிருக்கிற ஃபேன் மாவுமில் மாதிரி கத்தும். கொஞ்ச நேரத்தில் சூடேறிப் படுத்துவிடும். முப்பதில் பூட்டினால் சமர்த்தாக ஓடும். யாராவது கேட்டால், "சினிமாவுக்கே நொடிக்கு இருபத்துநாலு படந்தாங்க. முப்பதுக்கு மேல மனுசக் கண்ணுக்குத் தேவையே இல்ல" என்பேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள் என்பது நினைவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே வேதவாக்கு ஆகிவிட்டது. அன்று புதிதாகப் போட்ட கேமை மட்டும் இன்னும் பூட்டியிருக்கவில்லை.

விஷயத்தை அண்ணனிடம் சொல்லவில்லை. மானிட்டரை அவர் கண்ணுக்கு மறைத்து, முப்பதில் பூட்டிக் கொடுத்தேன்.

"தாவுது" என்றார்.

மறைத்துப் பூட்டைத் திறந்துவிட்டேன். "இப்ப இல்ல."

மாற்றாமலே மாற்றுவதுபோல் நடித்தேன். "எதையும் மாத்தல நீ. யாருகிட்ட?"

பத்துப் பன்னிரண்டு முறை செய்து பார்த்தோம். ஒருமுறைகூடத் தப்பவில்லை. பிறகு அவர் எழுந்துகொள்ள, நான் உட்கார்ந்தேன். எப்படி மாற்றுவது என்று காட்டிக் கொடுத்ததும் அவர் மாற்றினார். நான் ஊகித்துச் சொன்னதில் பாதி தப்பு. என் கண்ணுக்கு முப்பதும் அறுபதும் ஒன்றாகவே இருந்தன. அவர் கண்ணைச் சோதிக்க நான் என் கண்ணை அளவுகோலாகப் பிடித்த லட்சணம் இதுதான்.

"அப்ப அந்த சினிமாக் கணக்கு?" என்று கேட்டார், நான் எல்லாவற்றையும் விளக்கியபிறகு.

"அதுவும் உண்மைதாண்ணே."

"பாக்குறதுக்கு உண்மை. சினிமாவுல நீயா திருப்புற? நாப்பது பேர ஏத்திக்கிட்டு வளைவுல ஒடிக்கிறவனுக்கு அது பத்துமா? பின் சீட்டுல தூங்குறவனுக்கு எல்லா ரோடும் நல்ல ரோடுதான்."

இதை நான் எழுதிக்கொள்ளவில்லை. கை வரவில்லை. இப்போதெல்லாம் கேம் போட வருகிறவர்களிடம் முதலில் கேட்டுவிடுகிறேன், என்ன விளையாடுவீர்கள் என்று. சீட்டாட்டமோ செஸ்ஸோ என்றால் முப்பது தாராளம். கை சொன்னதைக் கண் உடனே பார்த்தாக வேண்டிய விளையாட்டென்றால் படத்தின் பளபளப்பைக் குறைத்தாவது அறுபதுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன். அதற்கும் தாங்காத மிஷினை, தாங்காது என்று சொல்லியே விற்கிறேன். ஆனால் அது பிற்பாடு வந்த ஞானம். அன்றைக்கு என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று: முதலாளியிடம் நான் இழுத்த அந்த வாக்கியம்.

மறுநாள் மத்தியானம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஷெட்டுக்குப் போனேன். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். முதலாளி டயருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஃபிரேம், முப்பது, அறுபது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"எனக்கு வெளங்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு நீங்கதான கொஞ்ச நாள் போகட்டும்னு இழுத்தீங்க? இன்னைக்கு நீங்களே கண்ணு நல்லாருக்குன்னு கூட்டியாறீங்க. இதுல எந்தப் பேச்ச நான் நம்புறது?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். வளைவில் எதிரே வருகிற வண்டியைப் பார்ப்பதுபோல, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகம் என்று அளந்து பார்த்தார்.

"அன்னைக்குச் சொன்னது என் தப்புங்க. மிஷினு கோளாற அண்ணன் கண்ணுமேல போட்டுட்டேன்" என்றேன்.

முதலாளி எழுந்து சாவியை அண்ணனிடம் தூக்கிப் போட்டார். ஆளில்லாத வண்டியில் முதலாளி முன்சீட்டில், நான் அவருக்குப் பின்னால். புதுக்கோட்டை ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்பினோம். ஒரு ஆடு குறுக்கே வந்தது, ஒரு டூவீலர் தப்பான பக்கம் வந்தது. வண்டி குலுங்கக்கூட இல்லை. ஷெட்டுக்குள் நிறுத்தியதும் முதலாளி, "நாளைக்கு மொத ட்ரிப் எடுத்துருங்க" என்றார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் பேசினார். "ஒன் பொண்டாட்டி ஏறுற வண்டி. நீ சந்தேகப்பட்டது தப்பில்ல தம்பி. அத எங்கிட்டல்ல கேட்ருக்கணும்?"

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் சாயங்காலம் என் மனைவி வேலை முடிந்து வந்தாள். பஸ் எப்படிப் போனது என்று கேட்டேன். நன்றாகப் போனதாம். வழக்கமாக அவள் இறங்கும்போது அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது கிண்டலாக விசாரிப்பார்.

"இன்னைக்கு என்ன கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கலையே."

"சிரிச்சாரா?"

"கூட்டத்துல எனக்கு எங்க தெரியும்? ஏன், என்ன பண்ணி வச்சீங்க?" என்று அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.