பிரேக்கும் ஒரு எலுமிச்சம்பழமும்

வத்தலக்குண்டு சாலையில் ஒரு வெங்காய லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, என் காலடியில் பிரேக் பெடல் மெல்ல அடிவரைக்கும் இறங்கிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துப்போனது. காரை மினி லாரியில் ஏற்றி வீடு சேர்த்த கையோடு பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கருக்கு போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வண்டிய எடுத்துக்கங்க."

எனக்கு வந்ததே கோபம்! சாணார்பட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் காரில்தான் போகிறேன். அது போனால் பழையபடி இவர் பைக்கில்தான் தொற்றிக்கொள்ள வேண்டும். "கிளம்பிட்டியா? லேட்டாச்சுன்னா நிக்க மாட்டேன்" என்று தினமும் வாசலிலிருந்து சத்தம் போடுவார்.

"ஒரு சாமான் கெட்டதுக்கு வண்டியவே வித்துப்புடுவீங்களா? நானே மாத்துறேன்" என்றேன்.

"பிரேக் ஆயிலு அம்புட்டும் அப்படியே இருக்கு. எதைன்னு மாத்துவ?"

ஆயில் குறையவில்லை, எங்கும் ஒழுகவும் இல்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது. அப்படியென்றால், மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர்தான் போயிருக்கும். பிசிக்ஸ் நடத்துகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

கடையில் புது சிலிண்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்று பழைய நைட்டியை விரித்துக்கொண்டேன். ஒரு பைப்பின் நட்டு அசைவேனா என்றது. ஸ்பானர் நழுவி விரல் முட்டியில் தோல் போனது. நானா விடுவேன்? துருவில் எண்ணெய் விட்டு, இட்லிக்கு மாவரைத்து முடித்துவிட்டு வந்து மறுபடி பிடித்தேன். கழன்றது. பழைய சிலிண்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி முறுக்கினேன்.

அதோடு முடியாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்கு உட்புறம் இருக்கிற திருகைத் திறந்து மூட வேண்டும். "செத்த நேரம் வாங்க" என்று கூப்பிட்டேன். முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"மிதிங்க. பிடிச்சுக்கங்க. நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதீங்க."

கடைசிச் சக்கரத்தில் திருகைத் திறந்திருக்கும்போது அவர் போன் அடித்தது. அந்தப் புரோக்கர்தான். பையில் கைவிட எழும்பியவர் காலையும் எடுத்துவிட்டார். வெளியேற்றிய காற்று மறுபடி உள்ளே போனது.

"காலு இங்க, புத்தி புரோக்கருகிட்டயா?" என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது. கையெல்லாம் ஆயில், கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அவர் போனை அணைத்துவிட்டுத் திரும்பவும் மிதித்தார். கொஞ்ச நேரத்தில் பெடல் கல் மாதிரி நின்றது.

"சரி, ஓட்டுனா நிக்குமா?" என்றவர் உள்ளே போய் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். ஊரெல்லாம் வண்டியைக் கிளப்பும்போது சக்கரத்தில் வைத்து நசுக்குகிற பழம். அதைத் தெரு நடுவில் வைத்தார். "இத நசுக்காம நிறுத்து பாப்போம்."

"பக்கத்துல ஏறுங்க. அப்பத்தான் ஓட்டுவேன்."

கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி ஏறினார். எனக்கும் பயம்தான். இடது கையை ஹேண்ட் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வந்து மிதித்தேன். நின்றது. இறங்கிப் பார்த்தோம். டயருக்கு ஒரு சாண் தள்ளி, பழம் முழுசாகக் கிடந்தது.

போனை எடுத்தார். "அண்ணே, வர வேணாம். வண்டி குடுக்குறாப்புல இல்ல."

பிறகு பழத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு பைக்க சர்வீசுக்கு விடுறேன். போற வழியில என்னைய பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுரு."

"எட்டு மணிக்குக் கிளம்புவேன்" என்றேன். "லேட்டாச்சுன்னா நிக்க மாட்டேன்."