சிவப்பு டிக், நீல டிக்

முட்டுக்காடு படகு சவாரி பற்றி மகள் எழுதிய கட்டுரைக்கு இன்றும் ஒரு சிவப்பு டிக் மட்டும்தான்.

"நல்லா எழுதிக்கீறேனாம்மா?"

"சூப்பர்டி."

"நீ அப்படித்தான் சொல்லுவ. மிஸ் இன்னா நினைச்சாங்கன்னு தெரியலையே."

வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பணிவாகத்தான் கேட்டேன்: "மிஸ், எங்கே தப்பு, எது நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுத முடியுமா?"

நீல டிக் விழுந்தது. எல்லோரும் படித்துவிட்டார்கள். மிஸ் உட்பட ஒருவரும் பேசவில்லை.

சாயங்காலம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் அதே வகுப்புப் பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரெக்டா கேட்டீங்கக்கா. எங்க வூட்லயும் இதே பேஜாருதான்."

"அத குரூப்ல சொல்லியிருக்கலாமே?"

"ஐயோ, மிஸ் எம் பொண்ணு மேல கோச்சிக்கினா இன்னாக்கா பண்றது?"

ரயில் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

இந்தப் பதிவைப் படிக்கும் நீங்களாவது லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு வரி எழுதுங்கள்.